சம்பளம் கிடையாது, வேலை உண்டு: பிரிட்டனின் நீராவி ரயில்களை ஓட்டும் 22,000 தன்னார்வலர்கள்... இவர்களுக்குப் பிறகு யார்?

ரயில் புறப்படுவது காலை 10.30 மணிக்கு. ஆனால் லோகோ ஷெட்டில் விளக்கு எரிவது விடியற்காலை 5 மணிக்கே. அழுக்கு நீல நிற ஓவரால் போட்ட ஒருவர் இன்ஜினுக்குள் ஏறி, முதலில் பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார். பிறகு நேற்றைய சாம்பலை வாரிக் கொட்டுகிறார். விறகுத் துண்டுகளும் எண்ணெய்த் துணியும் வைத்துத் தீ மூட்டுகிறார். அடுத்த நான்கைந்து மணி நேரம் அந்தத் தீயைப் பொறுமையாக வளர்க்க வேண்டும்.

இவருக்கு இதற்காக ஒரு பைசா கிடையாது. திங்கள்கிழமை ஆனால் இவர் ஐடி கம்பெனிக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, வங்கிக்கோ வேலைக்குப் போய்விடுவார். இல்லாவிட்டால் ஓய்வுபெற்றவராக இருப்பார்.

பிரிட்டனில் ‘ஹெரிடேஜ் ரயில்வே’ எனப்படும் பாரம்பரிய ரயில் பாதைகள் இப்படித்தான் ஓடுகின்றன. அங்குள்ள ஹெரிடேஜ் ரயில்வே சங்கத்தின் கணக்குப்படி, இத்துறையில் சம்பளம் வாங்குபவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள் ஏறத்தாழ 22,000 பேர். சாதாரண ஆண்டுகளில் இந்த ரயில்களைத் தேடி வருபவர்கள் சுமார் 1.3 கோடி பேர்.

எப்படி இது சாத்தியமாச்சு? இப்போது ஏன் இதற்கு ஆபத்து வந்திருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே தொடங்கியது இந்தக் கதை?

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் டவின் என்றொரு சிறிய ஊர். அங்கிருந்து மலையை நோக்கி சுமார் 7 மைல் ஓடுவது டாலிலின் ரயில்வே. கற்பலகைச் சுரங்கத்திலிருந்து பலகைகளைக் கீழே கொண்டுவர 1860-களில் போட்ட குறுகிய பாதை அது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 2 அடி 3 அங்குலம்தான்.

1940-களில் சுரங்கம் மூடப்பட்டது. ஆனாலும் உரிமையாளர் சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் தான் இருக்கும் வரை ரயிலை ஓட்டுவதாகச் சொல்லி, நஷ்டத்திலேயே ஓட்டினார். 1950-ல் அவர் காலமானார். பாதை மூடப்படும் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவரது நண்பர்களும் அதே ஆண்டு அக்டோபரில் பர்மிங்காமில் ஒரு கூட்டம் போட்டார்கள். ‘அரசு நடத்தாது, முதலாளி நடத்த மாட்டார். நாமே நடத்தினால் என்ன?’ என்பதுதான் கேள்வி. 1951 மே 14-ல் அவர்களின் முதல் ரயில் கிளம்பியது. தன்னார்வலர்கள் கையில் எடுத்து நடத்திய உலகின் முதல் ரயில் பாதை என்ற பெயர் டாலிலினுக்குக் கிடைத்தது.

கையில் இருந்ததோ, ஓடக்கூடிய நிலையில் ஒரே ஒரு பழைய இன்ஜின். தண்டவாளங்களைப் புல் மூடியிருந்தது. ஆனாலும் விடுமுறைக்கு வந்தவர்கள் மண்வெட்டி எடுத்தார்கள், கார்டு வேலை பார்த்தார்கள், டிக்கெட் கிழித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர், ‘தாமஸ்’ என்ற நீல நிற இன்ஜினைப் படைத்த பாதிரியார் டபிள்யூ. ஆட்ரி. பின்னாளில் டாலிலினை மாதிரியாக வைத்தே அவர் தன் கதைகளில் ஒரு குட்டி ரயில் பாதையை உருவாக்கினார். நம் வீட்டுக் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனின் வேர் இங்கேயும் இருக்கிறது.

ஒரு பாதை எப்படி நூறு பாதைகள் ஆனது?

இதற்குக் காரணம் பிரிட்டிஷ் ரயில்வே எடுத்த இரண்டு முடிவுகள். ஒன்று, 1955-ல் வந்த நவீனமயத் திட்டம். நீராவியை விட்டுவிட்டு டீசல், மின்சாரத்துக்கு மாறுவது என்று முடிவானது. இன்னொன்று, 1963-ல் வெளியான பீச்சிங் அறிக்கை. 2,000-க்கும் மேற்பட்ட நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னது அது.

1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் ஸ்டாண்டர்டு கேஜ் பாதைகளில் நீராவி ரயில் சேவை முடிவுக்கு வந்தது. ஆக, ஒரே காலகட்டத்தில் பாதைகளும் விலைக்கு வந்தன, இன்ஜின்களும் பழைய இரும்பு விலைக்கு வந்தன.

சசெக்ஸில் புளூபெல் ரயில்வே 1960-லேயே தன்னார்வலர்களால் திறக்கப்பட்டுவிட்டது. அவர்களின் பொறுமைக்கு ஓர் உதாரணம்: ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை பாதையை நீட்ட வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் ஆசை. ஆனால் பாதை போக வேண்டிய பள்ளத்தை அந்த ஊர்க் குப்பை நிரப்பியிருந்தது. பணம் திரட்டி, குப்பையை ரயில் வேகனிலும் லாரியிலும் அள்ளி, 2013-ல் ரயிலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1960-ல் இளைஞராகச் சேர்ந்தவர் அந்த நாளைப் பார்க்கத் தாத்தா ஆகியிருப்பார்.

இன்ஜின்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் வேல்ஸில் உள்ள பேரி என்ற ஊரின் காயலான் கடையிலிருந்து! அங்கே உட்ஹாம் பிரதர்ஸ் நிறுவனம் 297 நீராவி இன்ஜின்களை உடைப்பதற்காக வாங்கிப் போட்டிருந்தது. சரக்கு வேகன்களை உடைக்கும் வேலையே நிறைய இருந்ததால் இன்ஜின்களின் முறை தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் ஆர்வலர்கள் உண்டியல் குலுக்கி, பங்கு விற்று, 213 இன்ஜின்களை மீட்டுவிட்டார்கள். இன்று பிரிட்டனில் புகை விடும் பெரிய இன்ஜின்களில் பல, துருப்பிடித்து அந்த உப்புக் காற்றில் நின்றவைதான்.

தன்னார்வலர் என்றால் நேராக இன்ஜின் ஓட்டலாமா?

முடியாது. இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். வார இறுதியில் போய் விசில் அடித்துவிட்டு வரும் சமாச்சாரம் இல்லை இது.

ஷெட்டில் சேருபவர் முதலில் கிளீனர். துணியும் எண்ணெயும் எடுத்து இன்ஜினைத் துடைக்க வேண்டும். அழகுக்காக மட்டும் இல்லை. துடைக்கும் கைதான் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று புரிவதும் அப்போதுதான்.

அடுத்து விதிமுறைத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை. தேறினால் பயிற்சி ஃபயர்மேன். அனுபவம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் கரி போடப் பழக வேண்டும். பிறகு முழு ஃபயர்மேன். அதன் பிறகே டிரைவர் பயிற்சி. வார இறுதிகளில் மட்டும் வரும் ஒருவர் கிளீனரிலிருந்து டிரைவர் ஆக, பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆவது சகஜம். பலர் ஃபயர்மேனாகவே திருப்தியாக இருந்துவிடுவார்கள்.

இன்ஜின் பக்கமே போகாத தன்னார்வலர்களும் ஏராளம். சிக்னல் கேபின், டிக்கெட் கவுண்டர், டீக்கடை, தண்டவாளப் பராமரிப்பு, பழைய பெட்டிகளுக்குத் தச்சு வேலை, கணக்கு எழுதுவது, வலைத்தளம் பார்த்துக்கொள்வது என எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். மழையில் நின்று வாய்க்கால் தூர்வாரும் ஆளும் வேண்டும். ரயிலை ஓட்டுபவரைப் படம் எடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். வாய்க்கால் வெட்டுபவரை யாரும் எடுப்பதில்லை. ஆனால் வாய்க்கால் அடைத்தால் பாதை சரியும், ரயில் நிற்கும்.

ஃபயர்மேன் வேலையில் அப்படி என்ன இருக்கிறது?

கரி அள்ளிப் போடுவது பாதி வேலைதான். மீதி, கணக்கு.

நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் குறைந்து அந்தத் தகடு வெளியே தெரிந்தால், கீழே எரியும் தீயின் சூட்டில் அது பலம் இழக்கும். பாய்லரின் மொத்த அழுத்தமும் அதன் மேல் இறங்கும். அதனால்தான் தகட்டில் ஈயம் அடைத்த பிளக் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் சீறி எச்சரிக்கும். அந்த அளவுக்கு விடும் ஃபயர்மேனுக்கு அதோடு வேலை போச்சு என்று அர்த்தம்.

இன்னொரு சிக்கல்: தண்ணீர்க் கண்ணாடியில் தெரியும் அளவு ஏற்றத்தில் ஒரு மாதிரி, இறக்கத்தில் ஒரு மாதிரி இருக்கும். இரண்டு மைல் தள்ளி ஒரு ஏற்றம் வருகிறது என்றால் இப்போதே தீயைத் தயார் செய்ய வேண்டும். ஏற்றத்தில் போய்க் கரி போட்டால் லேட். ரொம்பப் போட்டாலோ, நிலையத்தில் நிற்கும்போது பாதுகாப்பு வால்வு வழியாக நீராவி வீணாகும். வீணாவது நீராவி மட்டுமா? கரியும் தண்ணீரும் காசும்தான்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஓசையைக் கேட்டு, புகையின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் பக்கத்தில் நின்றுதான் வரும். ஹெரிடேஜ் ரயில்வேக்களின் இன்றைய பிரச்சினையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சம்பளம் இல்லாதவர் என்பதால் விதிகளில் சலுகை உண்டா?

இல்லை. பயணியைப் பொறுத்தவரை ரயில் ரயில்தான். பிரிட்டனின் ரயில், சாலை ஒழுங்குமுறை அலுவலகம்தான் இவர்களின் பாதுகாப்பையும் கண்காணிக்கிறது. விபத்து நடந்தால் அரசின் ரயில் விபத்து விசாரணைப் பிரிவு வரும். பெரும்பாலான பாதைகளில் மணிக்கு 25 மைல், அதாவது 40 கி.மீ. வேகம்தான் உச்சம்.

பாய்லருக்கு முறைப்படி பரிசோதனை உண்டு. ஏறத்தாழ பத்து ஆண்டுக்கு ஒருமுறை பாய்லரைச் சட்டத்திலிருந்து தூக்கி, குழாய்களைக் கழற்றி, முழுசாகப் பழுது பார்க்க வேண்டும். ஒரு பெரிய இன்ஜினுக்கு இந்த வேலை பல லட்சம் பவுண்டைத் தின்றுவிடும். பல ஆண்டுகளும் இழுக்கும். இன்ஜின் ஓடும் நாட்களில் வரும் டிக்கெட் காசு மட்டும் இதற்குப் போதாது. பல இன்ஜின்கள் தனித்தனி ஆர்வலர் சங்கங்களுக்குச் சொந்தம். ரயில்வே அவற்றை வாடகைக்கு எடுக்கிறது. அந்த வாடகை, சந்தா, நன்கொடை, உயில் எழுதிவைத்த பணம் எல்லாம் சேர்ந்துதான் அடுத்த பழுதுபார்ப்புக்கான நிதி.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸின் லாங்கோலென் ரயில்வே சாட்சி. கொரோனா காலத்தில் ரயில் ஓடாமல், கடன் நெருக்கி, 2021 மார்ச்சில் அதை நடத்திய நிறுவனம் திவாலானது. ஆனால் பாதை சாகவில்லை. தன்னார்வலர்களின் அறக்கட்டளை பொறுப்பெடுத்து அதே ஆண்டு ரயிலை மீண்டும் ஓட்டியது. 2023-ல் கோர்வென் வரை புதிய நிலையத்தையும் திறந்தது. கம்பெனி போனாலும் ஆட்கள் இருந்தார்கள், ரயில் பிழைத்தது. கம்பெனி இருந்து ஆட்கள் போனால்? அதுதான் அடுத்த கேள்வி.

இப்போது என்ன ஆபத்து?

முதலாவது, கரி. நீராவி இன்ஜினுக்கு வேல்ஸ் கரி என்றால் தனி மவுசு. சூடு அதிகம், புகை குறைவு. அந்தக் கரியைத் தந்துகொண்டிருந்த முக்கியமான திறந்தவெளிச் சுரங்கம், மெர்தர் டிட்வில் அருகே இருந்த ஃபோஸ்-இ-ஃப்ரான். 2023 நவம்பரில் அது மூடப்பட்டது. அதற்கு முன்பே உக்ரைன் போரால் ரஷ்யக் கரிக்கு வழி அடைபட்டது. பருவநிலை நோக்கில் பார்த்தால் சுரங்கம் மூடியது சரியான முடிவு என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் ரயில்வேக்கள் இப்போது கடல் கடந்து வரும் கரியை நம்ப வேண்டியிருக்கிறது. விலை கூடுதல். எரியும் விதமும் வேறு. சாம்பல் கட்டிதட்டி மூச்சை அடைக்கும், பொறி பறக்கும். வறண்ட கோடையில் பாதையோரப் புல் பற்றிக்கொள்ளும் என்று பயந்து நீராவிக்குப் பதில் டீசல் இன்ஜினை மாட்டிவிடும் நாட்களும் உண்டு. தாவரக் கழிவு கலந்து செய்த மாற்றுக் கரிகளையும் சோதித்துப் பார்த்துவருகிறார்கள்.

இரண்டாவது, வயது. 1968-ல் 15 வயதுப் பையனாக பிளாட்பாரத்தில் நின்று கடைசி நீராவி ரயில்களைப் பார்த்தவருக்கு இன்று 70 தாண்டிவிட்டது. இந்த இயக்கத்தின் முதுகெலும்பே அந்தத் தலைமுறைதான். அவர்களுக்கு இது இளமைக்கால நினைவு. இன்றைய 20 வயதுக்காரருக்கு அப்படி எந்த நினைவும் இல்லை. அவர் வேறொரு காரணத்துக்காக வர வேண்டும். இயந்திரத்தைக் கையால் தொட்டு வேலை செய்யும் ஆசை, கூட்டாகச் செய்யும் வேலையின் சந்தோஷம், லேப்டாப் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று ஏதாவது ஒன்று.

மூன்றாவது, நூறு வயதான ஒரு சட்டம். தொழிற்சாலைகளில் குழந்தைகள் வதைபடுவதைத் தடுக்க 1920-ல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டம், ‘தொழில் நிறுவனங்களில்’ சிறுவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. ரயில்வேயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நல்ல நோக்கத்தில் வந்த சட்டம்தான். ஆனால் 14 வயதுப் பையனோ பெண்ணோ ஆசைப்பட்டு, பெரியவர்களின் மேற்பார்வையில் நிலையத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இதில் சிக்குமா என்ற சந்தேகம் ரயில்வேக்களை உலுக்கியது. நாடாளுமன்ற அனைத்துக் கட்சிக் குழு ஒன்று 2018-ல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. மேலவை உறுப்பினர் ஃபாக்னர் பிரபு, சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதாவும் கொண்டுவந்தார். பத்து வயதில் ரயில் பைத்தியமாக இருக்கும் குழந்தையை ‘16 வயதான பிறகு வா’ என்று திருப்பி அனுப்பினால், அப்போது அந்தக் குழந்தைக்கு வேறு ஆர்வம் வந்திருக்கும் என்பதுதான் அவர்கள் வாதம்.

மூன்றில் எது பெரிய ஆபத்து?

கரிக்கு மாற்று கண்டுபிடிக்கலாம். சட்டத்தைத் திருத்தலாம். இன்ஜினைக்கூடப் புதிதாகச் செய்யலாம். செய்தும் காட்டிவிட்டார்கள். ‘டார்னேடோ’ என்ற பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜினை, ஒரு அறக்கட்டளை 18 ஆண்டு பணம் சேர்த்து, 2008-ல் டார்லிங்டனில் புதிதாகவே கட்டி முடித்தது. அந்த ரக இன்ஜின்கள் 49-ம் 1960-களிலேயே உடைக்கப்பட்டுவிட்டன. இது ஐம்பதாவது.

ஆனால் அந்தச் சாதனையிலேயே ஒரு பாடமும் ஒளிந்திருக்கிறது. டார்னேடோவின் பாய்லர் பிரிட்டனில் செய்யப்படவில்லை. ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையில் செய்து கொண்டுவந்தார்கள். ரயிலைக் கண்டுபிடித்த நாடு, அந்த அளவுக்குப் பெரிய பாய்லருக்கு வெளியே போக வேண்டியதாகிவிட்டது. பயன்படுத்தாத கைத்தொழில் நாற்பதே ஆண்டுகளில் எவ்வளவு தேய்ந்துபோகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

எனவே ஆட்கள் பற்றாக்குறைதான் மூன்றிலும் பெரியது. ஒரு மூத்த ஃபயர்மேன் ஓய்வு பெறும்போது, அவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஒருவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அது அவரோடு போய்விடும். பல ரயில்வேக்கள் இளைஞர் குழுக்களைத் தொடங்கியிருப்பதும், முக்கியமான பணிமனை வேலைகளுக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளர்களை எடுப்பதும் அதனால்தான். ஆனால் சம்பள ஆட்கள் கூடினால் செலவு கூடும், டிக்கெட் விலை ஏறும். முழுக்க இலவச உழைப்பை நம்பினால் வேலை வருடக்கணக்கில் இழுக்கும். ஒவ்வொரு பாதையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தள்ளாடிக்கொண்டிருக்கிறது.

நம்ம ஊரில் நிலைமை என்ன?

நீலகிரி மலை ரயில் நினைவுக்கு வராமல் இருக்காது. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை அது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. மேட்டுப்பாளையம் - குன்னூர் பல்சக்கரப் பாதையில் இன்றும் நீராவி இன்ஜின்தான் ரயிலைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. இதற்கான புதிய நீராவி இன்ஜின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையே உருவாக்கியிருக்கிறது. பிரிட்டன் பாய்லருக்கு ஜெர்மனி போன கதையோடு இதை வைத்துப் பார்த்தால், இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் நடைமுறை தலைகீழ். இங்கே எல்லோரும் ரயில்வே ஊழியர்கள். தன்னார்வலர் ஷெட்டுக்குள் போய் வேலை பழகும் ஏற்பாடு இங்கே இல்லை. இதில் ஒரு நன்மை உண்டு. திறமை சம்பளத்தோடு, பணிமனைக்குள், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. தொழிலாளிக்கும் உழைப்புக்கேற்ற கூலி கிடைக்கிறது. ஒரு குறையும் உண்டு. பணியிட மாற்றமோ ஓய்வோ வந்தால் அந்தத் திறமை எங்கே போகிறது என்பது நிர்வாகத்தின் முடிவைப் பொறுத்தது. ஊர்க்காரருக்கோ ரயில் ரசிகருக்கோ அதில் பங்கில்லை. அவர்கள் டிக்கெட் எடுத்து ஏறலாம், போட்டோ எடுக்கலாம். அவ்வளவுதான்.

பிரிட்டனில் படிக்கவோ வேலைக்கோ போயிருக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு தகவல். பெரும்பாலான ஹெரிடேஜ் ரயில்வேக்கள் புதியவர்களைச் சேர்க்கும் தன்னார்வலர் அறிமுக நாட்களை நடத்துகின்றன. முன் அனுபவம் கேட்பதில்லை. ஆனால் அந்நாட்டு மாணவர் விசா விதிகள் சம்பளமில்லாத வேலையையும் சில நேரம் வேலையாகவே கணக்கில் எடுக்கும். எனவே விசா நிபந்தனையைப் பல்கலைக்கழகத்தில் ஒருமுறை கேட்டுக்கொண்டு போவது நல்லது.

மாலையில் என்ன நடக்கிறது?

கடைசி ரயில் வந்து நின்ற பிறகும் ஷெட்டில் வேலை முடிவதில்லை. நெருப்பை இறக்க வேண்டும், சாம்பல் தட்டைச் சுரண்ட வேண்டும், புகைப்பெட்டியில் சேர்ந்த கரித்தூளை வாரிக் கொட்ட வேண்டும், பாய்லரை நிரப்பி வைக்க வேண்டும். நாள் முழுக்க நின்ற முதுகு வலிக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய, ஒரு பயணியும் பார்க்காத வேலை இது.

அந்த நேரத்தில் மூத்தவர் பக்கத்தில் ஓர் இளையவர் மண்வெட்டியோடு நிற்கிறாரா என்று பார்த்தாலே, அந்தப் பாதை இன்னும் முப்பது ஆண்டு ஓடுமா என்று சொல்லிவிடலாம்.